நகரம் திரும்பும் குடும்பங்களும் நமது மலைக் கவிஞர்களும்

புறநகரில் மனை வாங்கி, வீடு கட்டி, வாசலில் இரண்டு தென்னை வைத்து, நாலைந்து வருஷம் குடியிருந்துவிட்டு மறுபடியும் நகரத்துக்குள் வாடகை வீட்டுக்கு வந்து சேரும் குடும்பத்தைப் பற்றி நம்மிடம் ஒரே ஒரு கதைதான் இருக்கிறது. அதை வெவ்வேறு பெயர்களில் பலர் எழுதியிருக்கிறார்கள். கணவன் கொஞ்சம் படிப்பவன், அமைதி தேடி வெளியே போனவன். மனைவி பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, ராத்திரியில் குழந்தைக்கு ஜுரம் வந்தால் டாக்டர் இல்லை என்று நச்சரித்து அவனைத் திரும்ப இழுத்து வந்தவள். கடைசிப் பாராவில் அவன் மொட்டைமாடியில் நின்று நட்சத்திரங்களைத் தேடுவான். நட்சத்திரங்கள் தெரியாது. வாசகன் பெருமூச்சு விட வேண்டும்.

இந்தக் கதை பொய் என்று சொல்ல வருகிறேன். நகரத்தை விட்டுப் போகிறவனுக்கு ஒரு தத்துவத்தையும், நகரத்துக்குத் திரும்புகிறவனுக்கு ஒரு தோல்வியையும் ஒதுக்கி வைத்திருக்கும் மனோபாவம், நமது சிறுபத்திரிகை உலகத்தில் விசாரணை இல்லாமலே புழங்கிவருகிறது. வணிகப் பத்திரிகைகளின் அசட்டு உணர்ச்சியை இத்தனை வருஷமாகத் திட்டிவந்த நாம், இந்த ஒரு அசட்டு உணர்ச்சியை மட்டும் தரிசனம் என்று ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

நான் இருப்பது சேர்வராயன் மலையில், வெள்ளக்கடையில். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு வந்து, அதற்கப்புறமும் உள்ளே போக வேண்டும். வேலை நிமித்தம் வந்தவன். தவம் செய்ய வந்தவனல்ல. நண்பர்கள் வருகிறார்கள், இரண்டு நாள் தங்குகிறார்கள், 'கொடுத்துவைத்தவன்' என்கிறார்கள். ஊர் திரும்பிய ஒரு மாதத்தில் ஒரு கவிதை வரும். அதில் பனி இருக்கும், மௌனம் இருக்கும், பெயர் தெரியாத ஒரு பறவை கட்டாயம் இருக்கும். காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தி ஏறுகிறவன் மட்டும் இருக்க மாட்டான். பனியில் வழுக்கும் அந்த ஏணியைப் பற்றி அவனிடம் ஒரு அபிப்பிராயம் உண்டு. அது அச்சில் வரக்கூடியதல்ல.

இங்குள்ள பூர்வகுடிகள் மலையாளிகள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையில் வாழ்கிறவர்கள் என்ற அர்த்தத்தில் வந்த பெயர். அவர்களுடைய வாய்மொழிக் கதைப்படி, முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள். பெரியவன் சேர்வராயனிலும், மற்ற இருவர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் தங்கினார்கள். இது சரித்திரம் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் கதையின் உள்ளே இருப்பதைக் கவனிக்க வேண்டும். மலையைத் தவிர வேறெதையும் அறியாத ஜனங்கள் என்று நாம் கவிதை எழுதுகிறோம். அவர்களோ தங்கள் ஆதியில் ஒரு நகரத்தை வைத்திருக்கிறார்கள். காஞ்சியை விட்டு வந்தோம் என்று சொல்கிறவர்களுக்கு நகரம் அந்நியமானதல்ல.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சென்ற வருஷம் மலையிலிருந்து சேலத்துக்குக் குடிபோயிற்று. மூத்த பெண்ணுக்குக் கல்லூரி, பையனுக்குப் பள்ளிக்கூடம். ஐந்து பேருக்கு ஒரு அறையும் ஒரு சமையற்கட்டும். தகப்பன் சனிக்கிழமை மேலே வந்து காப்பிச் செடியைப் பார்த்துவிட்டு ஞாயிறு சாயங்கால பஸ்ஸில் இறங்கிவிடுகிறார். மலை இறங்கியது பற்றி ஏதாவது வருத்தம் இருக்கிறதா என்று நமது பாஷையில் நான் கேட்டபோது அவருக்குக் கேள்வி புரியவில்லை. வாடகை ஜாஸ்தி என்பதுதான் வருத்தம் என்றார். இதை ஆன்மீக வறுமை என்று எழுதக்கூடியவர் நம்மில் நாலு பேராவது உண்டு.

இந்தக் குடும்பம் தானாக முடிவுசெய்து இறங்கியது. நட்சத்திரம் தேடிய நமது கதாநாயகனும் தானாகப் போய், தானாகத் திரும்பினான். ஆனால் போவதும் வருவதும் தங்கள் கையில் இல்லாத குடும்பங்கள் இதே தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நமது கதையின் பொய்மை வெளிச்சமாவது அங்கேதான்.

குடிசை மாற்று வாரியம் 1970-ல் ஏற்பட்டது. 1971-ல் சட்டம் வந்தது. அந்த ஆரம்ப வருஷங்களில் குடிசை இருந்த இடத்திலேயோ அதன் அருகிலேயோ மாடிக் குடியிருப்பு கட்டுவதுதான் வழக்கம். கட்டடத்தின் தரத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். குடும்பம் தன் தெருவிலேயே இருந்தது. 2000-த்தையொட்டி இந்த வழக்கம் தலைகீழாயிற்று. துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு எட்டு மாடிக் கோபுரங்களாகப் பெரும்பாக்கம். கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் இருந்தவர்களை லாரியில் ஏற்றி இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இறக்கினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இது இன்னும் மும்முரமாக நடந்தது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று காரணம் சொன்னார்கள். காப்பாற்றிக் கொண்டுபோய் வைத்த இடம் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம். செம்மஞ்சேரியில் மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வருவது செய்தியாகக்கூட இல்லாமல் போய்விட்டது. 2021-ல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். வாழ்விடம் என்ற சொல்லை யார் தேர்ந்தெடுத்தார்களோ.

மயிலாப்பூரில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்து வந்த பெண் என்ன ஆனாள்? முன்பு நடந்து போவாள்; நடுவில் வீட்டுக்கு வந்து குழந்தைக்குச் சோறு போட்டுவிட்டு மறுபடி போவாள். அவளுடைய பிழைப்பு முழுவதும் அந்தப் பத்து நிமிஷ நடையின் மேல் நின்றது. இருபது கிலோமீட்டர் என்பது அவளுக்கு வெறும் தூரமல்ல, ஒரு வேலையின் சம்பளம். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. காசு மிச்சம், சரி. நேரத்தை யாரும் திருப்பித் தரவில்லை. கடன் சொல்லி வாங்க ஒரு கடை, அவசரத்துக்குக் குழந்தையை விட ஒரு பக்கத்து வீடு, வேலை சொல்லிவிட ஒரு தெரிந்த முகம், இவையெல்லாம் பட்டாவில் வராத சொத்துக்கள். இவற்றை விட்டுவிட்டு ஒரு கதவு இலக்கத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அந்த முகவரியைப் பார்த்ததும் வேலை மறுக்கப்படுவதாகக் கண்ணகி நகர் இளைஞர்கள் பல தடவை சொல்லியாகிவிட்டது. 2020-ல் அங்கே சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. நல்ல ஓவியங்கள்தான். பார்க்க நகரத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

ஆகவே குடும்பங்கள் திரும்பின. எல்லாமும் அல்ல, திரும்ப முடிந்தவை. பழைய பேட்டைக்குப் பக்கத்தில், முந்தைய குடிசையைவிடச் சின்ன இடத்துக்கு, அதைவிட அதிக வாடகைக்கு. ஒதுக்கப்பட்ட வீட்டை வாடகைக்கு விடக்கூடாது என்பது விதி. ஆகவே சொந்த வீட்டில் குடியிருக்கவில்லை என்பது அவர்கள் மேல் குற்றமாயிற்று. வீட்டைக் கொடுத்தும் இருக்க மாட்டேன் என்கிறார்களே என்று அதிகாரிகள் அலுத்துக்கொள்கிறார்கள். நமது கதாநாயகனின் மனைவி திரும்பிவந்ததற்குச் சொன்ன அதே காரணங்களைத்தான் இவர்களும் சொல்கிறார்கள். பஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. அவள் சொன்னால் நச்சரிப்பு, இவர்கள் சொன்னால் விதிமீறல்.

பெயர் வைத்த விதத்தையும் சொல்லியாக வேண்டும். கண்ணகி, பிழைப்புக்காக ஒரு நகரத்தை விட்டு இன்னொரு நகரத்துக்குப் போன குடும்பத்தைச் சேர்ந்தவள். மதுரையில் அவள் முதலில் இறங்கியது மதிலுக்கு வெளியே, புறஞ்சேரியில். மெரினாவில் 1968-ல் வைக்கப்பட்ட அவள் சிலையை 2001 டிசம்பரில் அகற்றினார்கள். தமிழறிஞர்கள் கொதித்தார்கள், கட்சிகள் சபதம் செய்தன, 2006-ல் சிலை கடற்கரைக்குத் திரும்பியது. ஒரு சிலை நகரத்துக்குத் திரும்ப ஐந்து வருஷம் இத்தனை வாக்குவாதம். அதே ஐந்து வருஷத்தில் அவள் பெயர் கொண்ட நகரில் லாரிகள் குடும்பங்களை இறக்கிக்கொண்டிருந்தன. அதைப் பற்றி அந்த அறிஞர்களும் வாய் திறக்கவில்லை, அவர்களைக் கேலிசெய்த நாமும் திறக்கவில்லை. 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது கண்ணகி நகர் காகிதத்தில் சென்னைக்குள் வந்தது. ஜனங்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

நகரம் நாறவில்லையா, அங்கே மனிதன் மூச்சுவிட முடியுமா என்று கேட்பார்கள். நாறுகிறதுதான். ஆனால் அமைதி தேடிப் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் போன நண்பர்கள் குடித்தது எந்த இயற்கையின் தண்ணீர்? லாரித் தண்ணீர். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது அதுவும் நின்றது. அவர்கள் ஜன்னலிலிருந்து ரசித்த வெட்டவெளியோ, ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேர் அளவு இருந்து பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிப்போன சதுப்பு நிலத்தின் மிச்சம். இயற்கையைத் தேடிப்போய் அதன் மேலேயே வீடு கட்டியவர்கள், திரும்பிவருகிறவர்களுக்கு இயற்கையை இழந்தாய் என்று அநுதாபம் சொல்வதில் ஒரு துணிச்சல் இருக்கிறது.

நமது நவீன இலக்கியமே எங்கே உண்டாயிற்று? 'எழுத்து' 1959-லிருந்து திருவல்லிக்கேணியிலிருந்து வந்தது. அசோகமித்திரன் தகப்பனார் இறந்தபின் 1952-ல் செகந்திராபாத்தை விட்டுச் சென்னைக்கு வந்தவர். அந்த நகரத்தின் சின்ன வீடுகளும் குழாயடியும் இல்லாமல் அவர் எழுத்து இல்லை. கரிசல் மண்ணின் மூச்சை எழுதிய கி. ராஜநாராயணன் பல்கலைக்கழக வேலையை ஏற்றுப் புதுச்சேரிக்குக் குடிபோனவர், 2021-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். மண் அவரை விட்டுப் போய்விடவில்லை. அவர் குடிபெயர்ந்ததை யாரும் வீழ்ச்சி என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அந்த நியாயம் பெரும்பாக்கத்திலிருந்து திரும்பும் பெண்ணுக்கு ஏன் இல்லை?

இந்தக் கோடையில் ஏற்காட்டில் ஒரு இலக்கியச் சந்திப்பு வைக்கலாம் என்று நண்பர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். 'இயற்கையும் கவிதையும்' என்று தலைப்பு போட்டிருக்கிறார்கள். தங்க இடம் பார்க்கச் சொல்கிறார்கள். விடுதிகள் சீசனில் விலை அதிகம். ஆனால் சேலத்துக்கு இறங்கிப்போன குடும்பத்தின் வீடு பூட்டித்தான் இருக்கிறது, சாவி என்னிடம் இருக்கிறது, அவர்களும் சம்மதித்துவிட்டார்கள். நாளைக்கு இவ்வளவு என்று வாடகை கேட்கிறார்கள். அது சேலத்து வாடகைக்குப் போகும்.