உங்க புல்தரைக்கு எங்க மேல்மண்ணா?

போன வாரம் ஒரு டிராக்டர்காரர் வந்தார். "அண்ணா, தெக்கால காட்டுல ஒரு அடி மண்ணு எடுத்துக்கட்டுங்களா? கோயமுத்தூர்ல ஒரு பங்களாவுக்கு லான் போடோணுமாம். நல்ல வெல தர்றாங்க" என்றார். முடியாது என்று அனுப்பிவிட்டேன். அடுத்த காட்டுக்காரர் கொடுத்துவிட்டார். அவருக்குக் கடன் நெருக்கடி, அவரைக் குறை சொல்ல மாட்டேன். கேட்கவேண்டியது மண்ணை வாங்குகிறவர்களைத்தான். அதனால் இந்தப் பதிவு டவுனில் வீடு கட்டியிருக்கும் உங்களுக்கு.

அந்த ஒரு அடி மண் சும்மா வந்ததில்லைங்க. ஆட்டுக்கிடை போட்டு, எருவடித்து, கொள்ளு விதைத்து மடக்கி உழுது, எங்க தாத்தா காலத்திலிருந்து சேர்ந்தது. அதை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொட்டி, மேலே மெக்சிகன் புல்லோ கொரியன் புல்லோ பாய் மாதிரி விரிக்கிறீர்கள். அந்தப் புல்பாயும் எங்கோ ஒரு வயலில் வளர்த்து, வேரும் மண்ணுமாகச் சீவி எடுத்ததுதான். ஆக, ஒரு வீட்டுப் புல்தரைக்கு ரெண்டு ஊர் மண் போகிறது.

தண்ணீர்க் கணக்கையும் பார்த்துவிடுவோம். வெயில் காலத்தில் தினம் 5 மில்லிமீட்டர் தண்ணீர் காட்டுகிறீர்கள் என்று வையுங்கள். சதுர மீட்டருக்கு 5 லிட்டர். ஒரு சென்ட் 40 சதுர மீட்டர் சொச்சம். அப்போ ஒரு சென்ட் புல்லுக்குத் தினம் 200 லிட்டர். 2019 கோடையில் ஏரியெல்லாம் வற்றி, சென்னையில் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடியதை அதுக்குள்ள மறந்தாச்சா?

"எங்க வீட்ல லானே இல்லையே, பேவர் பிளாக் போட்டுட்டோம்" என்பவர்கள் இன்னும் மோசம். 2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அவசரச் சட்டம் வந்தது. ஒரு மூலையில் குழி வெட்டிக் குழாய் சொருகிவிட்டு, மிச்ச நிலத்தையெல்லாம் கல்லைப் போட்டு மூடிவிட்டீர்கள். மழை பெய்தால் தெருவில் முழங்கால் தண்ணீர், வெயில் அடித்தால் வாசலில் கால் வைக்க முடியவில்லை.

மண்ணுக்குப் போர்வை வேண்டும். நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய் மூடாக்கு, மூடாக்கு என்று சொன்னது இதைத்தான். ஜப்பானில் ஃபுகுவோகா தன் நெல் வயலில் வெள்ளைக் குளோவரைப் படரவிட்டதும் இதற்குத்தான். நானே இதை லேட்டாகத்தான் கற்றுக்கொண்டேன். தென்னந்தோப்பில் ஒரு புல் இருக்கக் கூடாது என்று வருஷக்கணக்கில் ரொட்டவேட்டர் ஓட்டினேன், களைக்கொல்லி அடித்தேன். தோப்பு கூட்டிவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் மண் களிமண் திண்ணை மாதிரி இறுகி, மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடியது. இப்போது கொள்ளும் தட்டைப்பயறும் விதைக்கிறேன், தானாக வருவதையும் விட்டுவிடுகிறேன். மண்வெட்டி போட்டால் மண்புழு வருகிறது.

உங்க வீட்டுக்கு லாரி மண் வேண்டாம். வெயில் படுகிற இடத்துக்குப் பொடுதலை போதும். வாய்க்கால் ஓரத்திலும் ஏரிக்கரையிலும் தரையோடு தரையாகக் கிடக்கும். கணுவுக்குக் கணு வேர் விடும். நாலு கொடியைக் கிள்ளிவந்து சாண் இடைவெளியில் ஊன்றி, முதல் மாதம் தண்ணீர் காட்டினால் பிடித்துக்கொள்ளும். மேலே நடந்தாலும் தாங்கும். வெட்டும் மெஷின் தேவையில்லை. துவையலும் அரைக்கலாம். நிழலும் ஈரமும் இருக்கிற இடத்துக்கு வல்லாரை. ஆனால் சோப்புத் தண்ணீர் போகிற இடத்தில் வளர்ந்ததைச் சாப்பிட வேண்டாம். காய்ந்த மூலையில் மூக்கிரட்டை வந்தால் பிடுங்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. நர்சரியில் மஞ்சள் பூவோடு பளபளவென்று ஒரு படர்கொடி கொடுப்பார்கள். வெடேலியா என்பார்கள். நம்ம மஞ்சள் கரிசாலைக்குச் சொந்தம்தான், ஆனால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இருக்கிற செடி. தோட்டக் குப்பையோடு வெளியே எறிந்தால் ஓடைக்கரையைப் பிடித்துக்கொள்ளும். அதை வாங்காதீர்கள். பார்த்தீனியம் முளைத்தாலும் பூக்கும் முன் பிடுங்கிவிடுங்கள். எல்லாப் பச்சையும் நல்ல பச்சை இல்லை.

தாம்பரத்தில் இருக்கிற என் அக்கா மகனிடம் இதைச் சொன்னேன்.

"பாம்பு வரும் மாமா" என்றான்.

"மாப்ள, பாம்பு எலிக்கு வரும். உன் காம்பவுண்டு ஓரத்துல மிச்சச் செங்கலும் உடைஞ்ச கதவும் குவிச்சு வெச்சிருக்கயே, அதுல எலி இருக்குது. முதல்ல அதைக் காலி பண்ணு."

கணுக்கால் உயரம்கூட வராத செடி இது. சுவரை ஒட்டி ரெண்டடி விட்டு நடுங்கள், ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு செருப்பு போட்டு நடங்கள். நாங்கள் காட்டில் அப்படித்தான் நடக்கிறோம். கொசு வரும் என்பார்கள். கொசு முட்டை போடுவது தேங்கிய தண்ணீரில். உங்கள் பூந்தொட்டித் தட்டைப் பாருங்கள். ஒரு குறை உண்மை: பொடுதலை பூத்தால் தேனீ வரும், வெறுங்காலோடு மிதித்தால் கொட்டும். அதுக்காகத் தேனீயே வேண்டாம் என்பீர்களா?

"பார்க்கக் காடு மாதிரி இருக்கும்" என்பதுதான் கடைசி வாதம். எங்க ஊரில் வாசலைக் கூட்டிச் சாணி தெளிக்கிறோம். புழக்கடைத் தோட்டத்தை யாரும் அப்படிக் கூட்டுவதில்லை. சுத்தம் எந்த இடத்துக்கு என்று ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கை விட்டுவிட்டு, சினிமாவில் பார்த்த புல்தரையைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டீர்கள்.

அடுத்த காட்டில் மண் எடுத்த இடம் இப்போது ஒரு அடி பள்ளம். அடியில் சுண்ணாம்புக்கல் தெரிகிறது. அதில் இனி சோளத்தட்டுகூட ஒழுங்காக வராது. டிராக்டர்காரர் மறுபடி வருவார், எனக்குத் தெரியும். நான் மறுபடியும் முடியாது என்பேன். ஆனால் அவரை அனுப்புவது நீங்கள்.

லான் போடலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், எந்த ஊர் மண் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.