தேடப்படாதது தேவையற்றதா?

"வடசிலாங்கூர்த் தோட்டங்களை யாரும் கூகுளில் தேடுவதில்லை, அதிகம் தேடப்படும் சொற்களை வைத்து எழுதி, வலைப்பதிவர்கள் ஒருவருக்கொருவர் இணைப்புக் கொடுத்தால் வாசகர் வருவார்" என்கிறார்கள். தவறு.

ஒன்று. எழுதப்படாததை எப்படித் தேடுவார்கள்? கோல சிலாங்கூர் மின்மினிப் படகுச் சவாரிக்கு ஏற்கெனவே பக்கங்கள் ஏராளம். இன்னொன்று எதற்கு?

இரண்டு. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் வடசிலாங்கூரின் தென்னமரத்தில் உருவானது. தேடினால் ஹென்றி ஃபோக்கொனியே கிடைக்கிறார். தோட்டத்தை உருவாக்கியவர் நாவலும் எழுதினார். அதற்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் இலக்கியப் பரிசு பெற்றார். அந்த மண்ணில் உழைத்த தமிழர்களின் பெயர்கள் எங்கே? அவர்கள் குடியிருந்த லயத்துக் கதையை நாம் எழுதாமல் எந்த இயந்திரம் கண்டெடுத்துத் தரும்?

மூன்று. பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊரின் பெயர் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. தாத்தாவின் பிறப்புப் பத்திரத்தோடு தேடும் பேத்தி பழைய பெயரைத்தான் தட்டுவாள். இரண்டு பெயர்களையும் எழுதுங்கள். தோட்டம், டிவிஷன், கோயில், தமிழ்ப்பள்ளி, ஆண்டு எல்லாம் வேண்டும். அவளுக்கு வேண்டிய தேடுசொற்கள் இவையே.

இணைப்புப் பண்டமாற்றா? செயற்கை இணைப்புகளைக் கூகுள் 2012இல் பெங்குவின் என்ற தேடல் நெறிமுறை மாற்றத்தால் பின்தள்ளத் தொடங்கிவிட்டது. தொடர்பு வேண்டுமானால் தோட்டக் கோயில் திருவிழாவுக்குத் திரும்பிவரும் குடும்பங்களிடம் பேசுங்கள். பெயர்களைக் கேட்டு எழுதுங்கள்.