சதை போட்டுட்டியே மச்சி!



"என்னடா, பூசணிக்கா மாதிரி ஆயிட்ட?" லீவு முடிஞ்சு வர்ற ஃப்ரெண்டை இப்படித்தானே கலாய்ப்போம்? அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் உத்துப் பாருங்க.

முகம் பௌர்ணமி நிலா மாதிரி உருண்டு சிவந்திருக்கா? வயிறு மட்டும் பெருத்து, கை கால் குச்சியா இருக்கா? பின்கழுத்துக்குக் கீழே திமில் மாதிரி சதையா? வயித்துல விரல் அகலத்துக்கு ஊதாக் கோடுகளா? லேசா இடிச்சாலே தோல் கன்னிப் போகுதா? தரையில இருந்து கை ஊன்றாம எழுந்திருக்க முடியலையா? பெண்களா இருந்தா மாதவிலக்கு தள்ளிப் போகுதா?

இதுல ரெண்டு மூணு சேர்ந்து வந்தா, அது ஹாஸ்டல் பரோட்டா வேலையா இல்லாம இருக்கலாம். உடம்புல 'கார்ட்டிசால்' ஹார்மோன் எகிறிப் போற இந்தப் பிரச்னைக்குப் பேரு 'குஷிங் சிண்ட்ரோம்'. 1912-ல இதை விவரிச்ச அமெரிக்க டாக்டர் ஹார்வி குஷிங் பெயர்தான் அது. சும்மா விட்டா பி.பி., சுகர், எலும்புத் தேய்மானம்னு வரிசை கட்டும்.

பிட்யூட்டரி, அட்ரீனல் சுரப்பிகள்ல வர்ற கட்டியாலயும் இது வரலாம். ஆனா அது அபூர்வம். அதிகமா வர்றது, நாம உள்ளே தள்ளுற ஸ்டீராய்டு மருந்தாலதான்! 'உடம்பு ஏற' மாத்திரை, 'ஒரே வாரத்துல கலர்' க்ரீம், பேரே இல்லாத மூட்டுவலிப் பொடி... எதுலயும் அது ஒளிஞ்சிருக்கலாம். 2018-ல 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாதுன்னு மத்திய அரசு உத்தரவே போட்டுச்சு.

ஆர்.கே.பேட்டை பசங்களே, நாள் முழுக்க தறியில நிக்கிற அப்பா, அம்மா வலிக்கு என்ன மாத்திரை போடுறாங்கன்னு இன்னிக்கே அட்டையைத் திருப்பிப் பாருங்க. 'டெக்ஸாமெத்தசோன்', 'பீட்டாமெத்தசோன்', 'பிரெட்னிசோலோன்'னு இருந்தா உஷார்!

உடனே தூக்கி எறிஞ்சிடாதீங்க. நம்ம கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல வர்ற ஃபீட்பேக் கதைதான். வெளியில இருந்து ஸ்டீராய்டு வந்துட்டே இருந்தா, அட்ரீனல் வேலையை நிறுத்தித் தூங்கிடும். மருந்தைத் திடீர்னு நிறுத்தினா கார்ட்டிசாலே இல்லாம மயக்கம், வாந்தி, பி.பி. சரிவுன்னு உயிருக்கே ஆபத்து. டாக்டர்தான் படிப்படியா குறைக்கணும். ஆஸ்துமாவுக்கு டாக்டரே எழுதிக் கொடுத்த மருந்துன்னாலும் இதேதான்!

முதல்ல பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. சாப்பிட்ட மாத்திரை, பூசின க்ரீம் எல்லாத்தையும் கையில எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க. தேவைப்பட்டா 24 மணி நேரச் சிறுநீர்ல கார்ட்டிசாலை அளப்பாங்க. பெரிய சிகிச்சைன்னா வேலூர் சி.எம்.சி.யில நாளமில்லாச் சுரப்பிகளுக்குன்னே தனித் துறை இருக்கு.

அப்புறம் என்ன, கலாய்க்கிறதை ஓரமா வெச்சுட்டு, "என்ன மாத்திரை சாப்பிடுற மச்சி?"னு கேளுங்க!