கிளைக்குக் கயிறு உண்டு

மரமேறுதலை ஒரு கலையெனப் புகழ்ந்துரைப்போர் நம்மிடையே பலருளர். யாழ்ப்பாணத்துச் சீவல் தொழிலாளியின் தளைநாரைப் பற்றியும், களுத்துறைக் கரையோரத்தில் தென்னைக்குத் தென்னை கட்டிய இரட்டைத் தும்புக் கயிற்றின் மீது நடந்து கள்ளிறக்குவோரைப் பற்றியும், கேகாலைக் கிராமங்களில் நாளுக்கு இருமுறை கித்துள் மரத்தில் ஏறியிறங்கும் சிங்கள விவசாயியைப் பற்றியும் வியந்தெழுதப்பட்டவை ஏராளம். வியத்தல் தவறன்று. ஆயின், வியந்ததோடு கடமை முடிந்ததென எண்ணுகின்றோமே, அதனையே இக்கட்டுரை கண்டிக்க முற்படுகின்றது.

சப்பிரகமுவத் தோட்டங்களில் மரமேறுவோனுக்கோ அந்த வியப்புங்கூட வாய்த்ததில்லை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டத் தமிழரைப் பற்றிப் பேசுங்கால் கொழுந்து பறிக்கும் பெண்ணையும் றப்பர்ப் பால் வெட்டும் ஆணையுமே நாம் நினைவுகூர்கின்றோம். தேயிலை மலையில் நிழலுக்கென நடப்பட்ட சவுக்கு மரங்களின் (கரையோரச் சவுக்கு வேறு, தோட்டத்தார் சவுக்கு என்பது தாவரவியலார் கிரெவில்லியா என்னும் மரத்தை) கிளைகளைக் கழிப்பவன் யார் என எவரும் வினவுவதில்லை. 1946 இல் இலங்கைத் தேயிலையைப் பற்றிய கொப்புள நோய், ஈரமும் நிழலும் மிகுந்தவிடத்தில் பரவுவது. எனவே தென்மேற்குப் பருவமழைக்கு முன்னர் நிழலைக் குறைத்துச் செடிக்கு வெயில் காட்ட வேண்டியது அவசியமாகின்றது. ஏணி எட்டுமட்டும் ஏணி. அதற்கு மேல் கையும் காலுந்தான். இடுப்பில் கத்தி, மரத்தில் பாசி. மழை முந்திக்கொண்டால் அப்பாசி சவர்க்காரம் போல் வழுக்கும்.

என் சித்தப்பா அவ்வாறு ஏறியவர்களுள் ஒருவர். நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஆண்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டமொன்றில் சவுக்கு மரத்திலிருந்து வீழ்ந்து இடுப்பெலும்பு முறிந்தார். விசாரணைக்கு வந்தவர் வீழ்ச்சிக்குக் காரணம் 'கவனயீனம்' என எழுதிச் சென்றார். அன்று அம்மரத்தில் ஒரு கயிறு இருக்கத்தான் செய்தது. வெட்டுண்ட பெருங்கிளை நேரே வீழ்ந்தால் கீழேயுள்ள தேயிலைச் செடிகள் முறியுமல்லவா? அதற்காகக் கிளையை நைலோன் கயிற்றாற் கட்டி, மேலுள்ள கவரொன்றின் வழியாக விட்டு, கீழே இருவர் பிடித்து மெல்ல மெல்ல இறக்கினர். கிளை பத்திரமாகத் தரைக்கு வந்தது. இதனை அவர் எனக்குச் சொன்னபோது கோபங்கொள்ளவுமில்லை. "கயிறு ஒன்னுதான் தம்பி இருந்துச்சு. அது கொப்புக்கு" என்றார்.

அந்த ஒரு வசனத்தில் பெருந்தோட்டப் பொருளாதாரம் முழுவதும் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகின்றது. செடி முதலீடு, அதனைக் காக்கும் கயிறு கணக்கில் ஏறும். தொழிலாளியின் இடுப்பு எக்கணக்கிலும் ஏறுவதில்லை.

மரத்தின்மேல் மனிதனைக் காக்கும் கயிற்று வித்தை அரியதொரு விஞ்ஞானம் என்று எண்ணுதல் வேண்டா. எடை கட்டிய மெல்லிய நூலை உறுதியான ஒரு கவருக்கு மேலாக எறிந்து, அதனைக் கொண்டு தடித்த கயிற்றை மேலே இழுத்து, அதன் ஒரு நுனியை ஏறுபவனின் கச்சையிற் பிணைக்கின்றனர். மறுபுறம் தொங்கும் கயிற்றில் உராய்வு முடிச்சொன்று இடப்படும். ஒஸ்திரிய மலையேறியும் இசையாசிரியருமான கார்ல் புருசிக் 1931 இல் வெளியிட்ட முடிச்சே இவ்வகையிற் புகழ்பெற்றது. மெல்லிய வளையமொன்றைத் தடித்த கயிற்றின்மேல் மும்முறை சுற்றி இழுத்தால், பாரம் ஏறும்போது அது கயிற்றை இறுகப் பற்றும். பாரம் நீங்கினால் கையால் நகர்த்தலாம். கால் வழுக்கியவன் தரைக்கு வருவதில்லை, முடிச்சின் பிடியில் தொங்கி நிற்பான். மரத்தைச் சுற்றி இன்னொரு குறுங்கயிறும் வேண்டும். வெட்டும் வேளையில் வாளோ கத்தியோ தவறி ஒன்றை அறுத்தாலும் மற்றையது தாங்கும். அதனாலன்றோ அக்குறுங்கயிற்றின் உள்ளே உருக்குக் கம்பி வைப்பதும் வழக்கமாயிற்று. ஐரோப்பிய நியமப்படி இத்தொழிலுக்குரிய பிரதான கயிறு இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்குதல் வேண்டும். நாட்பட மழையில் நனைந்து உக்கிய தும்புக் கயிறு இதற்கு உதவாது.

இடுப்பில் ஒரு தோற்பட்டியை மாட்டிவிட்டால் போதுமென்போரும் உளர். அது அரைகுறை அறிவு. வெறும் இடைப்பட்டியில் நெடுநேரம் தொங்குபவனுக்கு அப்பட்டியே எமனாகும். தொடைகளையும் சேர்த்துத் தாங்கும் கச்சை வேண்டும். கீழே நிற்பவருள் ஒருவனாவது மேலேறி அவனை இறக்கத் தெரிந்தவனாதல் வேண்டும். கயிற்றை வாங்கிக் களஞ்சியத்திற் பூட்டிவைப்பது பாதுகாப்பாகாது.

"கொடுத்தாலும் அவர்கள் அணியமாட்டார்கள்" என்பது நிர்வாகத்தார் வழக்கமாகச் சொல்லும் விடை. மரக்கணக்கிற் கூலி கொடுத்துவிட்டு, முடிச்சிடும் நேரத்திற்குக் கூலியில்லை என்றால் எவன் அணிவான்? கேரளத்தைப் பாருங்கள். தென்னையேற ஆளில்லாத நிலையில், இந்தியத் தென்னை அபிவிருத்திச் சபை 2011 இல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, ஆறு நாட் பயிற்சியும் ஏறுகருவியும் காப்புறுதியும் வழங்கியது. பெண்களும் பயின்று ஏறினர். கிளையற்ற தென்னைக்கு ஏற்ற அக்கருவி நம் சவுக்கு மரத்திற்குப் பொருந்தாது. இங்கு கயிறே வழி. ஆயினும், பயிற்சியும் கருவியும் கொடுத்தால் தொழிலாளி ஏற்றுக்கொள்வான் என்பதற்கு அதனிலும் சான்று வேண்டுவதில்லை.

சட்டத்தின் நிலையோ விந்தையானது. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தேயிலைத் தொழிற்சாலையிற் சுழலும் இயந்திரத்துக்கு வேலியிடுமாறு கட்டளையிடுகின்றது. அதே தோட்டத்தில், அதே தொழிற்சாலைக்கு நூறு யார் தொலைவில் நிற்கும் மரத்தை அச்சட்டம் அறியாது. தொழிற்சாலை வாசலோடு அதன் கண் மூடிக்கொள்கின்றது. 2009 இல் தொழில்சார் பாதுகாப்புக்கெனத் தேசிய நிறுவகமொன்று சட்டத்தால் தாபிக்கப்பட்டும் மலையிலுள்ள மரம் மரமாகவே நிற்கின்றது. 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உண்டே எனலாம். 2022 இல் அதன் உச்சத்தொகை ஐந்தரை இலட்சத்திலிருந்து இருபது இலட்சமாக உயர்ந்தது, வரவேற்கின்றேன். எனினும் வீழ்ந்த பின்னர் பேசும் சட்டம் அது. கிளை கழிக்கும் வேலை கொந்தராத்துக்காரரிடம் விடப்படுமிடத்து, வீழ்ந்தவன் 'நம் ஆளல்லன்' என்னும் வாதமும் உடனே புறப்பட்டுவிடும்.

தொழிற்சங்கங்களையும் இங்கு விட்டுவிட இயலாது. நாட்சம்பளம் 2021 இல் ஆயிரம் ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது போராட்டத்தின் பயன்; அதனை இழித்துரைக்கும் தகுதி எனக்கில்லை. அச்சம்பளத்தால்தான் நான் படித்தேன். ஆனால் சம்பளத்தைப் பற்றி இத்தனை ஆண்டுகள் மேடைமேடையாய் முழங்கிய தலைவர்களுள் ஒருவரேனும் கயிற்றைப் பற்றிப் பேசக் கேட்டதில்லை. கயிறும் கச்சையும் நிர்வாகம் வழங்க வேண்டிய தொழிற்கருவி; முடிச்சிடும் நேரமும் வேலை நேரம்; இருவர் இன்றி எவரும் ஏறலாகாது. இம்மூன்றையும் ஒரு கோரிக்கைத் தாளில் எழுதுவதற்கு அரைப்பக்கம் போதும்.

நம் கலைப்பீடத்தார் செய்யக்கூடியதும் உண்டு. மரமேறும் முறைகளையும் முடிச்சுகளையும் படத்தோடு விளக்கும் சிறுநூலொன்றை நம் நூலகத் தமிழ்ப் பகுதியில் தேடினேன், கிடைக்கவில்லை. கலைச்சொல்லாக்கம் பற்றி ஆண்டுதோறும் கருத்தரங்கு நடத்தும் நாம், உராய்வு முடிச்சுக்கு ஒரு தமிழ்ச்சொல் ஆக்கித் தோட்டங்களுக்கு எடுத்துச் செல்லலாகாதா?

சென்ற தவணையில் எம் விடுதியருகே மரமொன்றின் கிளைகளை வெட்ட ஒருவர் வந்தார். மின்கம்பியின்மேல் வீழ்ந்துவிடாதிருக்க ஒவ்வொரு கிளைக்கும் கயிறு கட்டினார். தமக்கு ஒன்றும் கட்டிக்கொள்ளவில்லை. யன்னல்களில் நின்று பார்த்தோம். கடைசிக் கிளை இறங்கியதும் எம்மிற் சிலர் கைதட்டினர்.