எதிரி எழுதி வைத்த வீரம்

போரில் இறந்துபோன ஒருவனின் வீரத்துக்கு யார் சாட்சி? கூடப் போனவர்கள்தான். ஆனால் கூடப் போனவர்கள் யாருமே பார்க்கவில்லை என்றால்? ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமட போப்பய்யா தேவய்யாவின் கதை அப்படிப்பட்டதுதான்.

அவர் குடகுக்காரர். 1965 செப்டம்பர் 7 அதிகாலையில், பஞ்சாபின் ஆதம்பூரிலிருந்து இந்திய விமானப்படையின் மிஸ்டேர் விமானங்கள் பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கக் கிளம்பின. தேவய்யா அன்று மாற்று விமானி மட்டுமே. ஒரு விமானம் போக முடியாமல் விலகிக்கொள்ள, அந்த இடத்தில் அவர் பறந்தார். திரும்பி வரவில்லை. வயது 32. 'காணவில்லை' என்று பதிவானது. அவ்வளவுதான்!

உண்மையில் நடந்தது வேறு. பாகிஸ்தானின் எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் ஒன்று அவரைத் துரத்தியது. அது ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கக்கூடிய அமெரிக்க விமானம். மிஸ்டேர் அதற்குப் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனாலும் அடிபட்ட விமானத்தோடு தேவய்யா திரும்பிச் சண்டையிட்டு, அதைச் சுட்டு வீழ்த்தினார். அதன் விமானி அம்ஜத் உசேன் குதித்து உயிர் பிழைத்தார். தேவய்யா பிழைக்கவில்லை. அவர் உடலை அந்தப் பக்கத்துக் கிராமத்து மக்களே கண்டெடுத்து அங்கேயே புதைத்தார்கள்.

இது இந்தியாவுக்கு எப்படித் தெரிந்தது? 1979-ல் ஜான் ஃப்ரிக்கர் என்ற ஆங்கிலேயர் பாகிஸ்தான் தரப்புத் தகவல்களை வைத்து எழுதிய நூல் வெளிவந்தது. ஸ்டார்ஃபைட்டரை வீழ்த்தியது ஒரு மிஸ்டேர் என்று அதில் இருந்தது. அந்தக் காலைத் தாக்குதலில் திரும்பாதவர் தேவய்யா ஒருவரே! 1988-ல் மகாவீர் சக்ரா விருது கொடுத்தார்கள். இறந்து 23 வருடங்கள் கழித்து. 2025-ல் 'ஸ்கை ஃபோர்ஸ்' என்ற இந்திப் படமும், பெயரை மாற்றி, இந்தக் கதையைச் சொன்னது.

தாமதத்தைப் பற்றித்தான் எல்லோரும் வருத்தப்படுகிறார்கள். ஆனால் வருத்தப்பட வேண்டியது வேறு விஷயத்துக்காக. அம்ஜத் உசேனும் அன்று இறந்திருந்தால்? சொல்ல ஆளே இல்லை. தேவய்யா இன்றைக்கும் வெறும் 'காணாமல் போனவர்'தான். ஒரு நாட்டின் வீரன் நினைக்கப்படுவதும் மறக்கப்படுவதும் எதிரி உயிரோடிருப்பதையும், அவன் உண்மையைச் சொல்வதையும் நம்பி இருக்கலாமா?

திண்டுக்கல்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. விருப்பாட்சி கோபால் நாயக்கர் கம்பெனிக்கு எதிராகப் பாளையக்காரர்களைத் திரட்டினார், 1801-ல் தூக்கிலிடப்பட்டார். அந்தக் கிளர்ச்சியைப் பற்றி 1971-ல் நூல் எழுதிய வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் பெரும்பாலும் நம்பியது எதை? அவரைத் தூக்கிலிட்ட கம்பெனியின் ஆவணங்களைத்தான்!

இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள் விஷயமும் இப்படித்தான். பர்மாவில் இறந்து, கல்லறை என்று எதுவும் தெரியாத சுமார் 27,000 பேரின் பெயர்கள் ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன. அதில் பெரும்பான்மையோர் இந்தியர்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். பலருக்குத் தகப்பனார் பெயரும் ஊரும் மாவட்டமும்கூட இருக்கும். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல்தான். அதனால் இந்தப் பக்கத்து ஊர்க்காரர்களை மதுரை மாவட்டம் என்று தேட வேண்டும். ஆனால் அங்கே கிடைப்பது ஒரு வரி. அந்த மனிதர் எப்படிச் சிரிப்பார், ஏன் பட்டாளத்துக்குப் போனார், தந்தி வந்த அன்று வீட்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் எந்த ஆணையத்திடமும் இருக்காது.

அது இருப்பது நத்தத்திலும் வேடசந்தூரிலும் நிலக்கோட்டையிலும், சுவரில் சீருடைப் படம் மாட்டியிருக்கும் வீடுகளில். 1965 போரில் நின்றவர்களுக்கு இன்று எண்பது வயது தாண்டிவிட்டது. 1971-ல் நின்றவர்களுக்கு எழுபது. அவர்களுக்குத் தெரிந்த கதைகள், திரும்பி வராத நண்பர்களின் கதைகளும் சேர்த்து, இன்னும் சில வருடங்களே இருக்கும்.

வருடத்துக்கு ஒரு நாள் கொடியேற்றி மிட்டாய் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் ஒரு கல்லூரி மாணவர் ஒரு மதியம் ஒரு முன்னாள் ராணுவ வீரரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, செல்போனில் அவர் பேச்சைப் பதிவு செய்தால், அது அதைவிடப் பெரிய மரியாதை. எதிரி எழுதும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.