திகைப்பும் தவிப்பும்

மாணவர் சிலர் கூடி மர்மப்படம் ஒன்று எடுக்க எண்ணினால், அவர்தம் கை முதலில் நாடுவது படக்கருவியை. நாட வேண்டுவதோ கரிக்கோலை. காட்சிகளைக் கட்டங்களில் வரைந்து வரிசைப்படுத்திய தாளைத் திரைத்துறையினர் ஸ்டோரிபோர்டு என்பர். தமிழில் கதைப்பலகை எனலாம். மர்மப்படத்திற்கு அதுவே உயிர்நாடி.

திகைப்பு வேறு, தவிப்பு வேறு. இவ்வேறுபாட்டை இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக் நன்கு விளக்கினார். மேசையடியில் வெடிகுண்டு இருப்பதை அறியாது இருவர் உரையாடுகின்றனர். குண்டு திடீரென வெடித்தால், காண்போர் 15 நொடி திகைப்பர். குண்டை முன்னரே காட்டிவிட்டாலோ, 15 நிமிடம் தவிப்பர். நிகழ்ச்சி ஒன்றே, காட்டும் வரிசையே வேறு. அவ்வரிசையை ஆராய ஏற்ற இடம் கதைப்பலகை. ஏழாம் கட்டத்துக் குண்டை இரண்டாம் கட்டத்திற்கு மாற்றிப் பார்க்க ஒரு தாளே செலவு. படமெடுத்தபின் மாற்றுவதற்கோ பொருளும் காலமும் உழைப்பும் வேண்டும்.

1960இல் வெளிவந்த ‘சைக்கோ’ படத்தின் குளியலறைக் கொலை, திரையில் ஏறத்தாழ 45 நொடியே நிகழ்கிறது. அதற்கென ஸால் பாஸ் என்னும் வரைகலைஞர் முன்னரே கட்டங்களை வரைந்து தந்தார்; படப்பிடிப்போ 7 நாள் நடந்தது.

முன்கூட்டியே வரைந்தால் கற்பனை கட்டுண்டுவிடும் என்பர் சிலர். அக்கூற்றுப் பொருந்தாது. களத்தில் சிறந்ததொன்று தோன்றினால் மாற்றிக்கொள்ளத் தடையில்லை. மாற்றுவதற்கும் ஓர் அடிப்படை வேண்டுமன்றோ? ஓவியத் திறன் இல்லையே என வருந்தவும் வேண்டா; எளிய கோட்டுருவங்களே போதும். காண்போர் எதனை எப்பொழுது அறிய வேண்டும் என்பதைத் தாளில் தெளிந்துகொண்ட மாணவரே, திரையில் அவரைத் தவிக்க வைப்பர்.