திண்ணைக்கு ஏற்ற நாய்

சென்ற வாரம் நண்பர் ஒருவர் நமது இல்லத்துக்கு வந்திருந்தார். கொழும்பிலே முப்பத்தைந்து ஆண்டு அரசாங்க உத்தியோகம் பார்த்து இளைப்பாறி, இணுவிலிலுள்ள தமது பரம்பரை வளவுக்குத் திரும்பியவர் அவர். வயது எழுபத்திரண்டு. பிள்ளைகள் இருவரும் கனடாவில். வீட்டில் அவரும் மனைவியாரும், ஒரு பசுவும், ஏழெட்டுக் கோழிகளும் மாத்திரமே. பகலுணவின் பின் சாய்மனைக் கதிரையிற் சாய்ந்து பத்திரிகை படிப்பதும், மாலையிற் கோயிலுக்கு நடந்து போய் வருவதுமே அவருடைய நாளாந்தக் கடமைகள்.

"வீட்டிலே ஒரு நாய் நிற்பது நல்லதென்று மனைவி சொல்லுகிறாள். இரவிலே படலை அசைந்தாலும் அவளுக்குப் பயமாயிருக்கிறதாம். ஆனால் துள்ளிக் குதிக்கிற இனம் வேண்டாம். எங்களைப் போலச் சிவனே என்று கிடக்கிற நாயாக ஒன்று சொல்லும்" என்றார்.

கேள்வி எளிது; விடை அத்துணை எளிதன்று. "மகன் ஓர் அல்சேஷன் குட்டிக்குப் பணமும் அனுப்பிவிட்டான்" என்று அவர் தொடர்ந்தபோது நமக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அல்சேஷன் மீது யாழ்ப்பாணத்தவருக்கு நெடுங்காலமாக ஒரு மோகம் உண்டு. கல்வீடு கட்டி, மதில் எழுப்பி, இரும்புப் படலை போட்டால், அதன் பின்னே நிமிர்ந்த காதுடன் ஒரு நாய் நிற்கவேண்டும் என்பது எழுதாச் சட்டம். அதன் உண்மைப் பெயர் ஜேர்மன் ஷெப்பேர்ட். இடையர் நாய் என்பது பொருள். 1899ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே ஸ்டெபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி ஒருவர், மந்தை காக்கும் நாய்களிலிருந்து அவ்வினத்தை உருவாக்கினார். முதலாம் உலக யுத்தத்தின் பின் ஜேர்மன் என்ற சொல்லே ஆங்கிலேயருக்குக் கசந்தமையால் அல்சேஷன் என்று பெயரை மாற்றினார்கள். 1977இல் அவர்களே பழைய பெயரை மீண்டும் ஏற்றுக்கொண்டார்கள். நாம்தான் இன்னும் விடவில்லை. பெயர் எதுவாயினும், நாள் முழுவதும் மந்தையைச் சுற்றி ஓடுவதற்கென்றே வளர்த்தெடுக்கப்பட்ட பிராணி அது. அதனைத் தூணிலே சங்கிலியாற் கட்டி, பகல் முழுவதும் சும்மா கிடக்கச் செய்தால் என்னாகும்? குரைக்கும், குழி தோண்டும், ஈற்றில் சோறு வைக்க வருகிறவரையே கடிக்கும். கட்டிக் கிடக்கும் நாயை அமைதியான நாய் என்று எண்ணுவது, மறியற்காரனைத் துறவி என்று எண்ணுவதை ஒக்கும்.

அப்படியாயின் இயல்பாகவே சோம்பலான இனங்கள் இல்லையா? உண்டு. புல்டோக் அவற்றுள் முதன்மையானது. இங்கிலாந்திலே எருதுகளோடு பொருதுவதற்காக வளர்க்கப்பட்ட நாய் அது. 1835இல் அந்தக் கொடிய விளையாட்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டபின் வேலையிழந்து, தலைமுறை தலைமுறையாகச் சாதுவாக்கப்பட்டு, இன்று கணப்படுப்பின் அருகே குறட்டை விடுகிறது. ஆனால் நம்மிடம் கணப்படுப்பு ஏது? சித்திரை வெயில்தான் உண்டு. நாய்க்கு மனிதரைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே அது சூட்டைத் தணித்துக்கொள்ளவேண்டும். மூக்குச் சப்பையான புல்டோக்கும் பக் என்ற சிறு நாயும் அப்படி மூச்சிரைக்கவும் மாட்டாமல் திணறும். இத்தகைய நாய்களை ஏற்றிச் செல்ல விமானக் கம்பெனிகள் பல மறுக்கின்றன. விமானம் ஏற்ற அஞ்சுவதை நண்பர் தகரப் பந்தலின் கீழ்க் கட்டிவைக்கலாமா?

கிரேஹவுண்ட் பற்றிச் சொன்னால் வாசகர் நகைப்பர். மணிக்கு எழுபது கிலோமீற்றர் வரை பாயக்கூடிய பந்தய நாய், வீட்டிலே பகலின் பெரும்பகுதியைத் தூங்கிக் கழிக்கும் என்பது மெய்யே. சிறு ஓட்டம் ஓடியதும் அதன் ஆசை தீர்ந்துவிடும். ஆனால் நண்பரின் ஏழெட்டுக் கோழிகளின் ஆயுளும் அந்தச் சிறு ஓட்டத்திலேயே தீர்ந்துவிடக்கூடும். தமிழ்நாட்டு இராசபாளையம் நாயும் வேட்டைக்குப் பிறந்ததே. பாசெட் என்னும் குட்டைக்கால் நாய் நிதானமானது. ஆயினும் மோப்பம் பிடித்தால் வேலியையும் கேளாது, அழைப்பையும் கேளாது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நண்பர், "நாய்களையெல்லாம் தள்ளிவிட்டீரே!" என்றார். ஒன்றை நாம் தள்ளவில்லை. நமது ஊர்நாய்! இந்த வெயிலுக்கும் மாரிக்கும் ஏற்ற குறுமயிர், நீண்ட மூக்கு, அளவான உடம்பு. நண்பகலில் மாமர நிழலிலே மண்ணைப் பறித்துக் கிடக்கும். படலை அசைந்தால் மட்டும் தலையைத் தூக்கும். வைரவர் சூலத்துக்கு வடைமாலை சாத்துகிற ஊரிலேதான் அவருடைய வாகனத்துக்குக் கல்லெறியும் விழுகிறது என்பது வேறு கதை.

இன்னுமொன்று கேட்டோம். "குட்டி எதற்கு?" எந்த இனமானாலும் முதல் ஈராண்டு குறும்புதான், செருப்பும் மிஞ்சாது, உறக்கமும் மிஞ்சாது. ஐந்து, ஆறு வயது வந்த நாயின் குணமோ கண்முன்னே தெரியும். அது சோம்பலா, முரடா, கோழி துரத்துமா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. மேலும் குட்டி பன்னிரண்டு ஆண்டு வாழும் என்று வைத்துக்கொள்வோம். "அப்போது உமக்கு எண்பத்து நான்கு" என்றோம். நண்பர் சிறிது நேரம் பேசவில்லை.

அவர் எதை நினைத்தாரோ. நாம் 1995ஆம் ஆண்டை நினைத்தோம். அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் கையிலே அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு செம்மணி வெளியால் தென்மராட்சிக்கு நடந்தபோது நாய்கள் பின்னே நின்றன. நமது அயல்வீட்டு முதியவர் தம் நாயை அவிழ்த்துவிட்டு, சட்டி நிறையச் சோறு வைத்து, திரும்பிப் பாராமல் நடந்தார். மறு ஆண்டு மீண்டு வந்தபோது சட்டி அங்கேயே கிடந்தது, நாய் இல்லை. அதன்பின் அவர் நாய் வளர்க்கவேயில்லை.

அன்று போனவர்கள் உயிருக்கு அஞ்சிப் போனவர்கள். அவர்களை யார் குறை சொல்வார்? இன்றோ விசா வந்ததும் வீட்டைப் பூட்டி, விலைகொடுத்து வாங்கிய நாயை வீதியிலே விட்டுப் போகிறவர்களைக் காண்கிறோம். தோல் உரிந்த பொமரேனியன் ஒன்று சந்தைப் பக்கம் திரிவதைப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்வது விளங்கும். இயக்கச்சியிலே சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென ஒரு காப்பகம் நடத்துகிறது. அத்தகைய இடத்திலோ அயலிலோ ஆதரவற்று நிற்கும் வயதுவந்த நாயொன்றைத் தேர்ந்தெடுக்கும்படி நண்பருக்குக் கூறினோம். மிருக வைத்தியரிடம் காட்டி, விசர்நாய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாது போடுவித்து, பெண்நாயாயின் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் செய்விக்கவேண்டும். சோம்பல் நாய்க்கும் நடை வேண்டும். வெயிலுக்கு முன் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. கோயில்வரை போய் வந்தாற் போதும்.

நேற்று அவரிடமிருந்து செய்தி வந்தது. அடுத்த ஒழுங்கையில் இலண்டனுக்குப் போன குடும்பம் விட்டுச்சென்ற ஆறு வயதுப் பெண்நாய் ஒன்று இப்போது அவருடைய திண்ணையில் கிடக்கிறதாம். மனைவியார் முதல் நாளே பெயரும் வைத்துவிட்டார். கனடாவுக்கு இவ்வாண்டு இருவரும் சேர்ந்து போவதில்லை, ஒருவர் போய்த் திரும்பிய பின்பே மற்றவர் போவதென்று தீர்மானித்திருக்கிறார்கள். மகனுக்கு இன்னும் அறிவிக்கவில்லையாம்.